கூறை எடுக்கப் போகுமுன்



சென்ற ஆவணி மாதத்திலே ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். மணமகள் என்னிடம் படித்தவள். இப்பொழுது அவளும் ஓர் ஆசிரியை. கூறைத் தட்டு சபையைச் சுற்றி வந்து, பெரியோர் யாவரும் தொட்டு ஆசீர்வதித்த பின்னர், மணமகன் அதனை மணமகளின் கையிற் கொடுத்தார். கூறை மாற்றுவதற்காக அவள் தோழியுடன் உள்ளே சென்றாள். பத்து நிமிடத்திலே திரும்பிவிடுவாள் என்று காத்திருந்தோம். பத்து நிமிடம் இருபதாயிற்று, இருபது முப்பதாயிற்று. நாதசுரக்காரர் ஒரு கீர்த்தனையை முடித்து இன்னொன்றைத் தொடங்கினார். குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சற்று நேரத்தில் மீண்டும் பார்த்தார். முகூர்த்தம் முடிவதற்குப் பன்னிரண்டு நிமிடமே எஞ்சியிருந்தது. இனியும் இருக்கலாகாது என்று நான் எழுந்து உள்ளே போனேன்.

உள்ளே நான்கு பெண்கள் அவளைச் சூழ்ந்து நின்றனர். எல்லோர் கையிலும் ஊசிகள். சேலை முழுவதும் சரிகை. சரிகைக்கு மேலே கல் பதித்த வேலை. மடித்த மடிப்பு நிற்கவில்லை. கொய்யகம் பலகைபோல் விறைத்து முன்னே தள்ளிக்கொண்டு நின்றது. சேலையை அன்றுதான் முதன்முதலாக விரித்திருந்தார்கள். சட்டையோ கையுயர்த்த விடவில்லை. பெண்ணின் கண்களில் நீர். அந்தச் சேலை மாப்பிள்ளை வீட்டார் மிகுந்த ஆசையோடும் பெருஞ் செலவோடும் கடல் கடந்து போய் வாங்கி வந்தது. அவர்கள் மீது ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை. உடுக்கப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. ஈற்றில் ஒரு முதிய அம்மையார் ஊசிகளையெல்லாம் ஒருபுறம் எறிந்துவிட்டு, பழைய முறைப்படி நான்கு சுற்றில் உடுத்தி அவளை வெளியே அழைத்து வந்தார். முகூர்த்தம் முடிய மூன்று நிமிடம் இருக்கையிலே தாலி ஏறிற்று.

அன்று வீடு திரும்பும்பொழுதே, இதைப்பற்றி வானொலியிலே பேசவேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

கூறை என்னும் சொல் பழைய தமிழிலே பொதுவாக ஆடையைக் குறித்தது. சோழநாட்டிலே மயிலாடுதுறையோடு சேர்ந்த கூறைநாடு என்னும் ஊர் நெசவுக்குப் பெயர்பெற்றது. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு அங்கே நெய்த சேலைகள் திருமணத்துக்கு உரியனவாக மதிக்கப்பட்டன. இன்று எம்மவர் கூறை என்று எடுப்பதிற் பெரும்பகுதி காஞ்சிபுரத்துப் பட்டே. ஊர் மாறினும் பெயர் நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணத்திலே மணமகள் தன் வீட்டுச் சேலையுடன் மணவறைக்கு வருவாள். மாப்பிள்ளை கொடுத்த கூறையை மாற்றி உடுத்து வந்த பின்னரே தாலி கட்டப்படும். கத்தோலிக்கப் பெண்கள் வெண்சேலையும் முக்காடும் அணிந்து கோயிலுக்குச் செல்வதுண்டு. மலைநாட்டிலும் மட்டக்களப்பிலும் வழக்கம் சிறிது சிறிதாக வேறுபடும். ஆயினும் நான் இன்று சொல்லப்போவதிற் பெரும்பகுதி எல்லாருக்கும் பொருந்தும்.

கூறை மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பொருள். ஆகையால் தெரிவும் அவர்களுடையது என்பது ஒரு கட்சி. இதனை நான் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. கொடுக்கும் உரிமை அவர்களுடையது; உடுக்கும் உடம்பு அவளுடையது. கூறை எடுக்கும் நாளிலே பெண்ணையும் அவளது தாயையும் உடனழைத்துச் செல்லும் நல்ல வழக்கம் இப்பொழுது பல குடும்பங்களிலே வந்திருக்கிறது. அது முடியாதவிடத்து, பெண்ணின் உயரம் என்ன, அவளுக்கு எந்த நிறம் விருப்பம், எவ்வளவு பாரத்தைச் சுமப்பாள் என்ற மூன்றையுமாவது கேட்டுக்கொண்டு போகலாம். கேட்பதனால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடப் போவதில்லை. பெண்ணும் நாணத்தினாலே “உங்கட விருப்பம் மாமி” என்று சொல்லிவிட்டுப் பின்னர் அறைக்குள் இருந்து அழுவதிலே பயனில்லை. வாய் திறந்து சொல்லவேண்டும்.

இனிக் கடைக்குள் நுழைவோம். முதலிலே பார்க்கவேண்டியது துணி.

பட்டு என்று விற்கப்படுவதெல்லாம் பட்டு அன்று. பட்டுப்போலத் தோற்றும் செயற்கை நூற் சேலைகள் இன்று மிக நேர்த்தியாக வருகின்றன. கண்ணாற் பார்த்து வேறுபிரிப்பது எமக்கு மட்டுமன்றிப் பழகியவர்க்கும் கடினம். சேலையின் ஓரத்திலே தொங்கும் நூலிலிருந்து இரண்டு இழையைப் பிரித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு மெதுவாக எரியும். நெருப்பை எடுத்தவுடன் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். தலைமயிர் கருகிய நாற்றம் வரும். கரி விரலுக்கிடையில் நொறுங்கிப் பொடியாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கடினமான மணியாகத் திரளும். ரேயோன் என்னும் செயற்கைப்பட்டுக் கடதாசி எரிவதுபோல் எரிந்து கடதாசி நாற்றம் வீசும். இழை எடுக்கக் கடைக்காரர் இடம் கொடாவிட்டால், இந்தியப் பட்டுக்கு 2004ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் ‘சில்க் மார்க்’ முத்திரைச் சீட்டு இருக்கின்றதா என்று கேளுங்கள்.

இது பணத்தைப்பற்றிய எச்சரிக்கை மட்டும் அன்று. எமது மணமகள் ஓமத்தீயின் முன்னே நெடுநேரம் அமர்கின்றாள். தீயை வலம் வருகின்றாள். முந்தானை தரையிலே புரள்கின்றது. பட்டிலே பொறி விழுந்தால் ஒரு சிறு துளையோடு போகலாம். செயற்கை நூலிலே விழுந்தால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் புண் ஆறுவது கடினம். வரவேற்புக்கு எந்தத் துணியையும் உடுக்கட்டும். ஓமத்தின் முன்னே அமரும் சேலை மெய்யான பட்டாகவோ பருத்தி கலந்த பட்டாகவோ இருக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பருத்தி கலந்ததானால், அது பட்டைவிட விரைவிலே தீப்பற்றும் என்பதையும் மறவாது முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும்.

காஞ்சிபுரத்துச் சேலையின் சிறப்பு அதன் கரையிலே இருக்கிறது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக நெய்யும்பொழுது, உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைக்கும் இரண்டு நாடாவுமாக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஒருவர் கை அதற்குப் போதாது. தறியிலே இன்னொருவர் உடனிருந்து ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். இதனைக் கோர்வை என்பர். ஒவ்வோர் ஊடையும் உடலின் எல்லையிலே கரையின் ஊடையைத் தழுவித் திரும்புவதனால், கரை கிழிந்து தனியே வருவதில்லை. சேலையைப் புரட்டிப் பின்புறத்தைப் பாருங்கள்: உடலும் கரையும் சேரும் இடத்திலே அந்தப் பிணைப்புப் புலப்படும். முந்தானை வேறு நிறமாயின், பாவு நூல்களை ஒவ்வொன்றாகப் புதிய நூலோடு முறுக்கி இணைத்திருப்பார்கள். அந்தச் சந்தியிலே சிறிது தடிப்புத் தென்படும். அது குறையன்று, கைவேலையின் அடையாளம். இவ்வளவும் சேர்ந்து ஒரு சேலைக்குப் பல நாள் உழைப்பு. எல்லா நல்ல சேலையும் கோர்வைச் சேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோர்வை என்று விலை சொன்னால் கோர்வை இருக்கவேண்டும்.

சரிகையிலேயும் வேறுபாடு உண்டு. மெய்ச் சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேற் பொன் முலாம் பூசியது. உட்புறத்துப் பட்டு நூலைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்திருப்பார்கள். ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே சிவந்த நூல் தெரியும். மலிவான சரிகையிலே சுற்றுக் கம்பியே செம்பாயிருக்கும். அதனிலும் மலிவானது பளபளக்கும் பிளாஸ்ரிக் இழை. எது வேண்டுமானாலும் வாங்கலாம். செம்புக்கு வெள்ளியின் விலை கொடுக்காமலிருந்தாற் போதும். செம்புச் சரிகை சில ஆண்டுகளிலே கறுக்கும். வெள்ளியும் மங்கும், ஆயினும் அதிலே பெறுமதி எஞ்சியிருக்கும்.

நிறத்தைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். என் தங்கையின் மகளுக்குக் கூறை எடுக்க இரு வீட்டாரும் சேர்ந்து போயிருந்தோம். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். பிள்ளை கறுப்பு, என் தாயாரின் நிறம். அவள் ஓர் அரக்குச் சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். விற்பனையாளர் அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி மடித்து வைத்துவிட்டு, “தங்கச்சி, உங்கட நிறத்துக்கு இது எடுபடாது, இதைப் பாருங்கோ” என்று மங்கலான இளஞ்சிவப்பு ஒன்றையும் சந்தன நிறம் ஒன்றையும் விரித்தார். அவர் நல்ல மனிதர்தாம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணத்திலே பிள்ளையின் முகம் வாடியதை நான் கண்டேன். சபையறிய ஒரு பெண்ணை அழகில்லாதவள் என்று சொல்லாமற் சொல்லும் வழி அது. அவள் என்னைப் பார்த்து, “பெரியம்மா, வெளியிலை கொண்டுபோய்ப் பாப்பமா?” என்றாள். இரண்டு சேலைகளையும் கடைவாசலுக்குக் கொண்டுபோய், ஒன்றன்பின் ஒன்றாகத் தோளிலே போட்டுப் பார்த்தோம். இளஞ்சிவப்பு அவள் முகத்தைச் சாம்பல் பூத்ததுபோற் காட்டியது. அரக்கோ முகத்துக்கு ஒளியூட்டியது. மாப்பிள்ளையின் தாயார்தாம் முதலிலே, “இதுதான், இதுதான்” என்றார்.

கறுத்த பெண்ணுக்கு வெளிறிய நிறம் என்னும் விதியை யார் எழுதினார்களோ அறியேன். எம் நாட்டு வெயிலிலே, எம் நிறத்து மக்களுக்கென்றே எம் சாயக்காரர் தலைமுறை தலைமுறையாக அரக்கும், மயிற்கழுத்தும், கிளிப்பச்சையும், மஞ்சளும் தோய்த்து வந்தார்கள். ஆழ்ந்த நிறத்துக்கு ஆழ்ந்த நிறம் பகையன்று. தோலின் நிறத்துக்கு மிக அணுகிய மண்ணிறமும், சாம்பல் கலந்த வெளிறிய நிறங்களும்தாம் முகத்தை விழுங்குகின்றன. சிவந்த பெண்ணுக்கும் அவை அப்படியே செய்யும். இதற்கு வாயாலே விதி சொல்வதைவிடக் கண்ணாலே பார்ப்பது மேல். பூச்சில்லாத முகத்தோடு கடைக்குப் போய், சேலையை மோவாய்க்குக் கீழே பிடித்துப் பார்க்கவேண்டும். சேலையின்மீது கண் போனால் அதை விட்டுவிடுங்கள். முகத்தின்மீது கண் போனால் எடுங்கள்.

பகல் வெளிச்சத்திலே பார்க்கவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கடையின் மின்குமிழ்கள் சரிகை மின்னவும் சிவப்பு இன்னும் சிவக்கவும் தக்கவாறு பொருத்தப்பட்டவை. ஒரு விளக்கின் கீழே ஒத்திருந்த இரண்டு நிறங்கள் வெயிலிலே வேறுபடுவதும் உண்டு. சேலைக்குப் பொருந்திய சட்டைத்துணி வீட்டுக்கு வந்தபின் பொருந்தாமற் போவது இதனால்தான். பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்த இருநிறப் பட்டு, மடிப்புக்கு மடிப்பு மாறித் தோன்றும். அதனை ஒரு முழமாவது கொய்து அசைத்துப் பார்த்தாலன்றி அறிய முடியாது. கைத்தொலைபேசித் திரையிலே பார்த்துத் தெரிவதைப்பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, தாய் தந்தையர் கடையிலிருந்து படம் அனுப்புவது இப்பொழுது சாதாரணமாகிவிட்டது. அவசியமானாற் செய்யத்தான் வேண்டும். ஆனால் படத்தைக் கடைவாசலில் வைத்து, ஒரு வெள்ளைத் துணியையும் பக்கத்திலே வைத்து எடுத்து அனுப்புங்கள். வெள்ளை அங்கே வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களையும் ஓரளவு நம்பலாம்.

உயரம் குறைந்த பெண்ணுக்குப் பெரிய கரை ஆகாது என்பது பலரும் அறிந்தது. ஏன் என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். சேலையின் அகலம் ஏறத்தாழ நாற்பத்தெட்டு அங்குலம்; அது யாருக்காகவும் குறைவதில்லை. உயரமான பெண் சிறிதளவு செருகினாற் போதும். ஐந்தடிப் பெண் எட்டுப் பத்து அங்குலத்தை இடுப்பிலே செருகவேண்டும். மேற்கரை முழுவதும் உள்ளே போய்விட, இடுப்புத் தடிக்கும். கீழ்க்கரை பத்தங்குலமாயின் இடுப்பிலிருந்து பாதம் வரையுள்ள நீளத்திலே கால்வாசி கரையாகவே போய்விடும். குறுக்கே ஒரு கோடு கிழித்தாற்போலப் பெண் மேலும் குறுகித் தோன்றுவாள். அவளுக்கு நான்கங்குலக் கரையோ, ஒருபுறம் ஒடுங்கியும் மறுபுறம் அகன்றும் உள்ள கரையோ எடுக்கலாம். புட்டாக்கள் சிறியனவாய் நெருங்காமல் இருத்தல் நன்று. நெடிய பெண்ணுக்கு இந்தக் கவலை இல்லை. பெரிய கரையும் பெரிய கட்டமும் அவளைக் கம்பீரமாகக் காட்டும்.

பாரத்தை யாரும் கேட்பதில்லை. கடைத் தராசிலே வைத்துப் பார்க்கச் சொன்னாற் கடைக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அளவான சரிகையுள்ள பட்டுச் சேலை அறுநூறு எழுநூறு கிராம் இருக்கும். சரிகை நிறைந்தது ஒரு கிலோகிராமைத் தாண்டும். கல்வேலை சேர்ந்தால் இன்னும் ஏறும். அதனோடு தலைநகை, மாலை, ஆபரணங்கள், ஆவணி வெயில், ஓமப் புகை, முதல்நாள் உறக்கமின்மை, பலர் விரதமும் இருப்பார்கள். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அவள் இரண்டு மூன்று மணிநேரம் புன்னகை செய்யவேண்டும். பாரமான சேலைதான் பெறுமதியான சேலை என்று எம் பெண்களே எண்ணுகிறார்கள். பட்டின் இயல்பு மென்மை. காய்ச்சிப் பசை நீக்கும்பொழுது பச்சைப் பட்டு தன் எடையிலே ஏறத்தாழக் கால்வாசியை இழக்கின்றது. அவ்விழப்பினால்தான் அதற்கு அந்த மினுக்கும் குழைவும் வருகின்றன. கையில் எடுத்துக் கசக்கி விட்டால் நெகிழ்ந்து விழவேண்டும். விறைத்து நிற்பது கஞ்சியாகவோ அளவுமிஞ்சிய சரிகையாகவோ இருக்கும்.

கூறை புதிதாக இருக்கவேண்டும், முன்னர் உடுத்தலாகாது என்பது சம்பிரதாயம். அதை மீறச் சொல்லவில்லை. விரித்துப் பார்ப்பது உடுத்தலாகாது அன்றோ! ஒரு மாதத்துக்கு முன்னரே சேலையைப் பிரித்து, குஞ்சம் கட்டுவித்து, கீழோரத்துக்கு உட்துணி வைத்துத் தைத்து, கடைமடிப்பு நீங்கும்படி வேறு மடிப்பாக மடித்து வைக்கவேண்டும். சட்டைத்துணியை மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே கொடுத்துவிட்டால், பெண்வீட்டார் அளவாகத் தைத்துக்கொள்ளலாம். சட்டையைப் போட்டுக்கொண்டு கையை உயர்த்திப் பார்க்கவேண்டும். மாலை சூட்டும்பொழுது கை உயராமல் மணமகள் திண்டாடுவதை எத்தனை மணவறைகளிலே கண்டிருக்கிறேன்! பின்னர், அதே பாரமுள்ள வேறொரு பட்டுச் சேலையை எடுத்து, அன்றைக்கு உடுத்திவிடப் போகிறவர் யாரோ அவரே, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை உடுத்திப் பார்க்கட்டும். நான் தொடக்கத்திலே சொன்ன அந்தப் பெண்ணுக்கு இந்த ஒன்றைச் செய்திருந்தாற் போதும்.

செலவைப்பற்றி நான் கணக்குச் சொல்லப்போவதில்லை. விலை மாதத்துக்கு மாதம் மாறுகின்றது. 2022ஆம் ஆண்டிலே எமது ரூபாவின் பெறுமதி சரிந்தபொழுது, வெளிநாட்டிலிருந்து வரும் பட்டின் விலை என்ன பாடு படுத்திற்று என்பது அந்த ஆண்டு பிள்ளையைக் கட்டிக்கொடுத்த பெற்றாருக்குத் தெரியும். 2019இற் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியபின், அங்கே போனால் மலிவு என்று ஐந்தாறு பேராகப் புறப்படுகிறார்கள். பயணச் செலவையும் தங்கும் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுதல் நலம். ஒருநாளிலே இருபது சேலை பார்த்த கண்ணுக்கு இருபத்தோராவது சேலை தெரியாது; அப்பொழுது விற்பனையாளர் சொல்வதுதான் தெரிவு. கூறைக்கென்று கடன் வாங்குவதை நான் வெறுக்கிறேன். வரவேற்புக்கு ஒன்று, கால்மாறிப் போவதற்கு ஒன்று என்று மூன்று நான்கு பட்டு எடுக்கும் பணத்திலே, கூறையொன்றை நன்றாக எடுத்துவிட்டு மற்றவற்றை எளிதாக முடிக்கலாம்.

என் தாயாருடைய கூறை 1964ஆம் ஆண்டிலே எடுத்தது. 1995 ஒக்ரோபர் முப்பதாந் திகதி இரவு வலிகாமத்தை விட்டு எல்லாரும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபொழுது, உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் வைத்த பையிலே, அவற்றின் அடியில் அம்மா அதை வைத்திருந்தார். உணவுக்கு அரிசி எடுக்காமல் இதை எடுத்தாயே என்று ஐயா அன்று கடிந்துகொண்டதும் நினைவிருக்கிறது. மணவறைக்கு வரும்போது அம்மம்மாவின் சேலையை உடுத்தவேண்டும் என்று தங்கையின் மகள் ஆசைப்பட்டாள். விரித்தபொழுது மடிப்பு மடிப்பாகப் பட்டு வெடித்திருந்தது. மழையிலும் வெயிலிலும் நடந்து வந்ததனால் அன்று. அதன்பின் அத்தனை ஆண்டும் ஒரே மடிப்பிலே, பொலித்தீன் உறைக்குள், அதை உயிர்போலப் பாதுகாத்து வைத்ததனால்.

ஆகையாற் கூறை எடுப்பவர்கள் எடுத்த அன்றே இரண்டு முழப் பழைய வெள்ளைப் பருத்தித் துணியையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். திருமணம் முடிந்து வியர்வை உலர்ந்தபின், நிழலிலே காற்றாட விட்டு, அந்தத் துணியிலே சுற்றி வைக்கவேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றவேண்டும். வாசனைத் திரவியத்தைச் சரிகைமேல் தெளிக்கலாகாது. பூச்சியுருண்டை சேலையைத் தொடலாகாது. அம்மாவின் கூறையிலே கரை மட்டும் கெடாமல் இருந்தது. அதை வெட்டியெடுத்து, பிள்ளை மணவறைக்கு வரும்பொழுது உடுத்த சேலையின் சட்டைக் கைகளிலே வைத்துத் தைத்துக் கொடுத்தோம்.